ஏலத்துல போன வீட்டுப் பிள்ளை

2018 ஜனவரி 27. உத்தமபாளையம் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஐபிஎல் ஏலம். ரவிச்சந்திரன் அஸ்வின் பெயர் வந்ததும் கடையே அமைதியாகிவிட்டது. இரண்டு ஆண்டுத் தடை முடிந்து சென்னை அணி திரும்பி வரும் வருடம். அஸ்வின் நம்ம ஆளு, அவரை எடுக்காமல் இருப்பார்களா? சென்னையும் கேட்டுப் பார்த்தது, பாதியில் நிறுத்திக்கொண்டது. 7.6 கோடிக்குப் பஞ்சாப் தட்டிச் சென்றது.

"வீட்டுப் பிள்ளைய அடுத்தவன் தூக்கிட்டுப் போறான், பாத்துட்டு உக்காந்திருக்காய்ங்க பாரு!" என்றார் மாமா. டீ ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கும் அதே கோபம்தான். பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது, முடிவு ஏல மேடையில் எடுக்கப்பட்டதே இல்லை. அதற்கு முன்பே தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் சென்னை தக்கவைத்துவிட்டது. தக்கவைப்பு, ஆர்டிஎம் அட்டை ரெண்டும் சேர்த்து இந்திய அணிக்கு ஆடிய மூன்று பேருக்கு மேல் கூடாது என்பது அந்த வருட விதி. ஆக, ஜடேஜாவை வைத்துக்கொண்ட நாளிலேயே அஸ்வினுக்கான அட்டை போய்விட்டது. ஜடேஜாவின் விலை 7 கோடி. அஸ்வின் போனது 7.6 கோடிக்கு. இடையில் வெறும் அறுபது லட்சம்.

இதே கேள்வி 2011-லும் வந்தது. அப்போது தோனி, ரெய்னா, முரளி விஜய், ஆல்பி மார்கல் நால்வரைத்தான் சென்னை தக்கவைத்தது. இருபத்து நான்கு வயது அஸ்வின் பட்டியலில் இல்லை. ஆனால் ஏலத்தில் 8,50,000 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அந்த மே மாதம் சேப்பாக்கத்தில் இறுதிப்போட்டி. முதல் ஓவரிலேயே கெயிலை டக் அவுட் ஆக்கினார். அன்றைக்கு எங்கள் தெருவில் தீபாவளி.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்களுக்கு இந்தத் தலைவலி நூறு வருடப் பழசு. 1919 கடைசியில் பேப் ரூத்தை பாஸ்டன் அணி ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க்குக்கு விற்றது. அதற்குப் பிறகு 2004 வரை பாஸ்டனுக்குக் கோப்பை இல்லை. சமீபத்தில் ஹுவான் சோட்டோ, வாஷிங்டன் நீட்டிய 15 வருட, 44 கோடி டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார். 2022 ஆகஸ்டில் அவரைச் சான்டியாகோவுக்குக் கொடுத்து, பதிலுக்கு இளம் வீரர்கள் பலரை வாங்கிக்கொண்டது வாஷிங்டன். அங்கே ஒரு பையனை முதல் ஆறு வருடம் அணி கையில் வைத்திருக்கலாம். அதற்குள் நீண்ட ஒப்பந்தமா, விற்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். விற்றால் கைக்கு ஏதாவது வரும்.

ஐபிஎல்லில் பெரிய ஏலம் வந்தால் எல்லாம் கலைந்துவிடும். 2018-ல் அஸ்வின் போனதற்குச் சென்னைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. என் ஆத்திரமெல்லாம் இந்த ஒன்றுமில்லை மேல்தான்.

இதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அறுவடை முடிந்த நெல் வயலில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிய காலத்தில் எங்கள் டீமில் ஒரு இடதுகைப் பையன் இருந்தான். பதினேழு வயசு. யார்க்கர் போட்டால் ஸ்டம்ப் பறக்கும். கம்பத்திலிருந்து ஒரு பெரிய டீம் அவனைக் கேட்டது. அவர்களிடம் கிட் இருந்தது, மதுரைக்குப் போய் ஆடும் பழக்கமும் இருந்தது. "எங்க ஆள எப்படித் தர்றது?" என்று அனுப்பவில்லை. அனுப்பக் கூடாது என்று அதிகமாகக் கத்தியது நான்தான். அவனிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. அடுத்த வருடம் எங்கள் டீமே கலைந்தது, அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதனால்தான் அஸ்வின் கதையை இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். பஞ்சாப் அவரைக் கேப்டன் ஆக்கியது. தோனி இருக்கும் சென்னையில் அது நடந்திருக்காது. சென்னைக்கும் நஷ்டம் என்று சொல்ல முடியவில்லை. அந்த வருடமே கோப்பை. அஸ்வினுக்குப் பதில் வைத்துக்கொண்ட ஜடேஜா 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தார். கணக்குப்படி சென்னை செய்தது சரி. மாமா மட்டும் இதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

2024 நவம்பர் ஏலத்தில் 9.75 கோடிக்கு அஸ்வின் திரும்பி வந்தார். 2025-ல் ஒன்பது ஆட்டம். சென்னை அந்த வருடம் கடைசி இடம். ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கே விடை சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு வயதில் வீட்டுக்குக் கூப்பிட்டது பாசமா கணக்கா? பாசம் என்றால் இவ்வளவு தாமதம் ஏன்?

2025 நவம்பரில் ஜடேஜாவும் போனார். அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை. ஐபிஎல் டிரேடில் ஆட்டக்காரர் சம்மதம் வேண்டும், பேஸ்பாலில் பெரும்பாலும் வேண்டாம். அந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊர் மேல்.

செய்தி வந்த அன்று திருப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அவன். "ஜட்டுவையும் விட்டுட்டாய்ங்களா மாப்ள?"

"ஆமாடா. சஞ்சு வர்றான்."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "பரவால்ல. ஆளுக்கு ஆளாவது கெடச்சுச்சு."

அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு தம்ஸ்அப் மட்டும் அனுப்பினேன்.