பிழையான காசும் பளபளக்கும் காசும்

ஒருவரைச் செல்லாக்காசு என்று சொன்னால் அது வசை. ஆனால், காசு சேகரிப்பவர்களிடம் கணக்கே வேறு. நாணயச்சாலையில் தவறிப் பிறந்த காசுக்கு, ஒழுங்காகப் பிறந்த காசைவிடப் பல மடங்கு விலை உண்டு. அந்த விலையைக் கேள்விப்பட்டு வீட்டு உண்டியலைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். அடிபட்டு நசுங்கிய காசைப் பிழைக்காசு என்று நம்பி ஏமாறுவது ஒன்று. உண்மையிலேயே அரிய காசு கிடைத்தும், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மதிப்பைக் கெடுத்துக்கொள்வது மற்றொன்று.

சில்லறையில் வந்த செப்புக்காசு

இரண்டாம் உலகப் போரின்போது தோட்டா உறைகளுக்கும் கம்பிகளுக்கும் செம்பு தேவைப்பட்டது. அதனால் 1943இல் அமெரிக்கா தன் ஒரு செண்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்திய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில எப்படியோ எஃகுத் தகடுகளோடு கலந்து அச்சேறிவிட்டன.

1947இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 16 வயது மாணவர் ஒருவருக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீதிச் சில்லறையாக அப்படி ஒரு காசு வந்தது. அவர் கருவூலத் துறைக்கு எழுதிக் கேட்டார். 1943இல் அடித்த செண்ட் காசுகள் எல்லாமே எஃகுதான் என்று பதில் வந்தது. ஆனாலும் அவர் அதைச் செலவழிக்கவில்லை. 70 ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, 2019 ஜனவரியில், அந்தக் காசு 204,000 டாலருக்கு ஏலம் போனது.

இந்த விலை போலிகளையும் பிறப்பித்தது. எஃகுக் காசின்மேல் செம்பு பூசினார்கள். 1948ஆம் ஆண்டுக் காசில் 8ஐச் செதுக்கி 3 ஆக்கினார்கள். முதல் வகைப் போலியைக் காந்தம் காட்டிக் கொடுக்கும். வெண்கலக் காசின் எடை சுமார் 3.11 கிராம், எஃகுக் காசு 2.7 கிராம்தான். ஆனால், காந்தம் ஒட்டிவிட்டது என்பதற்காக எந்தக் காசையும் பிழைக்காசு என்று மயங்கக் கூடாது. சிங்கப்பூரின் ஒரு காசு 1967இல் வெண்கலமாக வந்தது. 1976 முதல் செம்பு பூசிய எஃகிலும் வந்தது. அது முறையான மாற்றமே தவிர பிழையன்று.

ஓர் இரவில் பிறந்த இரட்டை எழுத்து

அக்காலத்தில் ஓர் அச்சு உருவாக, மூல அச்சை அதன்மேல் ஒரு முறைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது அழுத்தம் சற்றே திரும்பிவிட்டால், எழுத்துகள் இரட்டையாகப் பதியும். 1955இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அதுதான் நடந்தது. சுமார் 40,000 காசுகள் அடித்த பிறகே தவறு கண்ணில் பட்டது. அதற்குள் 20,000க்கு மேற்பட்டவை மற்றக் காசுக் குவியலோடு கலந்துவிட்டன. மொத்தத்தையும் உருக்குவதற்குப் பதிலாக அப்படியே வெளியில் விட்டார்கள். சிகரெட் விற்கும் இயந்திரங்களில் 23 செண்ட் பெட்டிக்கு மீதியாக, பெட்டியின் உறைக்குள்ளேயே இரண்டு செண்ட் வைத்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். அந்த வழியில் பல காசுகள் மக்கள் கைக்குப் போயின.

இரட்டை எழுத்து எல்லாமே இந்த வகையா? இல்லை. அச்சு தளர்ந்து, அடிக்கும் நேரத்தில் அசைந்தாலும் எழுத்து இரண்டாகத் தோன்றும். அந்த நிழல் படிக்கட்டுப் போலத் தட்டையாக இருக்கும். அதற்குத் தனி விலை கிடையாது. அச்சிலேயே இரட்டித்த எழுத்து முழு உருண்டையாகவும், முனையில் பிளவோடும் நிற்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

பிரிட்டனில் 2008இல் நடந்தது இன்னொரு வகை. 20 பென்ஸ் காசின் புதிய வடிவமைப்பில் ஆண்டு எண் அரசியாரின் தலை உள்ள பக்கத்துக்கு மாறியது. பழைய தலை அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் தவறுதலாகச் சேர்த்து அடித்ததால், ஆண்டே இல்லாத காசு வெளிவந்தது. அதன் எண்ணிக்கை இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. தொடக்கத்தில் சிலர் இணையத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டார்கள். பரபரப்பு அடங்கியதும் விலையும் இறங்கியது.

புளி போட்டுத் துலக்கலாமா?

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவது நம் வீடுகளின் பழக்கம். குடத்துக்கு அது அழகு. காசுக்கு அது கேடு. செம்பின்மேல் காலப்போக்கில் படியும் பழுப்புப் படலம் அழுக்கன்று. அது உலோகத்தின் மேல்தோல். அடியில் உள்ளதைக் காக்கிறது. புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும். காசு அடிக்கும்போது உலோகம் ஓடிப் படிந்த நுண்ணிய வரிகளே அதன் இயற்கையான மினுமினுப்புக்குக் காரணம். சாம்பல், பற்பசை, துணி எதைக்கொண்டு தேய்த்தாலும் அவ்வரிகள் அழிந்து, மயிரிழைக் கீறல்கள் விழும். போன மினுமினுப்பைத் திருப்பிக் கொண்டுவர எவராலும் முடியாது. தரம் பார்ப்பவர் அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் கண்டுபிடித்து, ‘துலக்கப்பட்டது’ என்று குறித்துவிடுவார். விலை அங்கேயே சரியும்.

நட்டம் பணத்தோடு முடிவதில்லை. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் ஒரு செப்புக்காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகளை அடையாளம் கண்டார். சங்ககாலப் பாண்டியர் காசு வெளியிட்டதற்கு அது எழுத்துச் சான்றாயிற்று. சிறு காசின் விளிம்போரத்தில் நின்ற மெல்லிய எழுத்துகள் அவை. யாரேனும் அதை முன்பே மும்முரமாகத் தேய்த்திருந்தால், ஒரு மன்னன் பெயர் புளித்தண்ணீரோடு போயிருக்கும்.

ஐயத்துக்குரிய காசு கிடைத்தால் விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். முகப்பில் விரல் படக் கூடாது. எடை பார்க்கலாம், காந்தம் வைக்கலாம், படம் எடுக்கலாம். மென்மையான பிவிசி உறையில் நெடுநாள் வைத்தால் பச்சைப் பிசுக்குப் படியும். ஈரக்காற்று மிகுந்த நம் ஊரில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றும் உடன் இருப்பது நல்லது. மண்ணோடு கிடைத்த பழங்காசை, மண்ணோடே அறிந்தவரிடம் காட்ட வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். காசு விஷயத்தில் அந்த ஆத்திரம் பெரும்பாலும் ஒரு துணியும் கொஞ்சம் புளியுமாகத்தான் வருகிறது.