மொழி கற்ற ஆசிரியர்

ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அப்பெயர்களை இன்று வழங்குவோர் இலர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயரோ ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது.

ஒல்லாந்திலுள்ள அந்த டெல்ப்ற் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்தவர் பிலிப்பு பல்தேயு பாதிரியார். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அதன்பின் இப்பகுதியின் கோயிற்பற்றுப் பள்ளிகள் அவர் பொறுப்பில் வந்தன.

ஆள்வோர் மொழி வேறு. மாணாக்கர் மொழி வேறு. சமயமும் வாழ்க்கை முறையும் வேறு. எம்மொழியிற் கற்பிப்பது? வென்றவர் மொழியைத் தோற்றவரே கற்க வேண்டும் என்பாரும் அன்று இருந்தனர். பல்தேயு அதற்கு உடன்பட்டிலர். ஒருவருக்காக ஊரார் அனைவரும் புதுமொழி கற்பதினும், அவ்வொருவர் ஊரார் மொழியைக் கற்பது எளிதென அவர் கருதினார். தாமும் தமிழ் பயின்றார். 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியான தமது நூலில் தமிழ் எழுத்துக்களையும் இலக்கணத்தையும் ஐரோப்பியருக்கு அறிமுகஞ் செய்தார்.

இஃது ஆசிரிய உலகம் போற்றத்தக்க செயலே. ஆயினும் வரலாறு இதனோடு முடியவில்லை.

அப்பள்ளிகள் மாணாக்கரின் மொழியை ஏற்றன. அவர்தம் நெஞ்சத்தை ஏற்றில. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் இறுக்க வேண்டியிருந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பிற் பதியப்பட்டன. ஆட்சியின் சமயத்தைத் தழுவாதவர்க்கு உத்தியோகம் எட்டாக்கனியாயிற்று. ஆகவே மக்கள் வினாவிடையை வாயால் ஒப்புவித்தனர். வீட்டிலோ முன்னோர் வழிபாட்டையே பேணினர். 1795இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்து கட்டாயம் தளர்ந்தது. ஏடுகளில் எழுதப்பட்டிருந்த அந்தப் பெருங்கூட்டம் சில ஆண்டுகளிற் கரைந்து போயிற்று. ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுப் போதனை மணலில் எழுதிய எழுத்தாயிற்று.

இதனால் அறியக்கிடப்பது யாது? மாணாக்கரின் மொழியைக் கற்பது ஆசிரியரின் முதற்கடமை. அதுவே முழுக்கடமை அன்று. மொழி ஒரு வாயில். வாயிலிற் புகுந்தவர் வீட்டாரை மதித்தல் வேண்டும். தன் வீடும் வழக்கமும் இழிந்தவை என்று கேட்கும் பிள்ளை, பாடத்தை ஒப்புவிக்கும், ஏற்றுக்கொள்ளாது.

பல மொழியும் பல சமயமும் உள்ள இந்நாட்டில், வேற்றுமொழி பேசும் பிள்ளை எந்த வகுப்பிலும் வந்து அமரலாம். அப்பிள்ளையின் மொழியில் நான்கு சொற்களையேனும் கற்று, அதன் வீட்டு வழக்கத்தையும் மதிப்போடு கேட்டறியும் ஆசிரியர், பல்தேயு தொடங்கி வைத்து முடிக்காத பணியை முடிப்பவராவார்.