எட்மண்டின் மிட்டாய்

மாயக்கதைகளில் வரும் குழந்தைகள் பெரும்பாலும் உயரம் குறைந்த பெரியவர்கள். லூயிஸின் எட்மண்ட் அப்படியில்லை. 1950-இல் வெளிவந்த முதல் நார்னியா நாவலில், மிட்டாய்க்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுக்கிறான். அற்பக் காரணம்தான். ஆனால் பிரிட்டனில் 1942-இல் மிட்டாய்க்கு வந்த ரேஷன், நடுவில் சில மாதங்கள் நீங்கலாக, 1953 வரை இருந்தது. சூனியக்காரியின் மந்திரத்தைவிட இந்த ரேஷனைத்தான் நான் நம்புகிறேன்.

சூசனிடம் லூயிஸ் இத்தனை பரிவு காட்டவில்லை. 1956-இல் வந்த கடைசி நாவலில் மற்றவர்கள் ரயில் விபத்தில் இறந்து நார்னியா சேர்கிறார்கள். உதட்டுச்சாயத்தில் மனம்போன அவள் வெளியே. பிணங்களை அடையாளம் காட்டியது யார்? லூயிஸுக்கு இக்கேள்வி எழவில்லை. அவர் உலகைக் கடன்வாங்கி நீல் கெய்மன் 2004-இல் வெளியிட்ட சிறுகதையில் ஒரு கிழவி, தான் போய்ப் பார்த்ததைச் சொல்கிறாள். சிங்கத்தை யாரும் கடன்வாங்கலாம். கெய்மன் வாங்கியது சூசனை.