ட்ரம்பெட்டும் லிப்ஸ்டிக்கும்

ஏ.எல். படிக்கேக்க பாடசாலை பாண்டில நான் ட்ரம்பெட் ஊதினனான். விளையாட்டுப் போட்டியண்டு எல்லாரும் சிவப்பு லிப்ஸ்டிக் போடவேணும் எண்டு சொல்லிட்டினம். ரெண்டாவது பாட்டு முடிய முதலே அது முழுக்க ட்ரம்பெட்டின்ர வாயில, மிச்சம் என்ர நாடியில. ட்ரம்பெட்டில் சத்தம் வருவதே உதடுகள் அதிர்வதால்தான். மெழுகும் எண்ணெயும் இடையில வந்தா வாய் வழுக்கும், சுருதி போயிடும்.

இந்தக் கரைச்சலை எனக்கு முதல் அனுபவிச்ச ஆக்களைத் தேடப்போய்த்தான் 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஒஃப் ரிதம்' என்ற பெண்கள் ஜாஸ் குழுவைக் கண்டுபிடிச்சன். 1937இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில், கறுப்பினப் பிள்ளைகள் படித்த பைனி வூட்ஸ் பாடசாலைக்கு நிதி சேர்க்கத் தொடங்கிய குழு அது. பிறகு பாடசாலையை விட்டுப் பிரிந்து தொழில்முறைக் குழுவானது. அந்தக் காலத்தில் மேடையில் பெண்ணைக் கேட்க முதல் பார்ப்பார்கள். பெண் இசைஞர்கள் ஏன் தரம் குறைந்தவர்கள் என்று 'டவுன்பீட்' சஞ்சிகை 1938இல் ஒரு கட்டுரையே போட்டது. ஆகவே இவர்கள் பொம்மை மாதிரி வெளிக்கிடவும் வேணும், ஆம்பிளையளுக்குச் சமனா ஊதவும் வேணும்.

ஆனால் இவர்களுக்கு மேக்கப் அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. 1943 அளவில் சில வெள்ளைப் பெண்களும் குழுவில் சேர்ந்தார்கள். தென் மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாழ்வதையும் பயணிப்பதையும் ஜிம் குரோ சட்டங்கள் தடுத்தன. தங்க இடம் கிடைக்காமல் குழு தன் பஸ்ஸிலேயே படுத்தது. வெள்ளைப் பெண்கள் கறுத்த மேக்கப் பூசிக்கொண்டு மேடையேறினார்கள். கொதிக்கிற மேடை விளக்குக்குக் கீழ வேர்வையில அது கரைஞ்சா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சாக்ஸபோன் வாசித்த ரோஸ் க்ரோன் 1944இல் டெக்சஸின் எல் பாசோ நகரில் கைதாகிச் சிறைக்குப் போனார்.

1949இல் குழு கலைந்தது. அடுத்த வருஷமே கலையாத லிப்ஸ்டிக் வந்தது! ஹேசல் பிஷப் என்ற இரசாயனவியலாளர், போர்க்காலத்தில் விமான எரிபொருளில் வேலை செய்தவர், வீட்டுக் குசினியில் முந்நூறுக்கு மேல் பரிசோதனை செய்து உருவாக்கியது. தோலிலேயே பிடித்துக்கொள்ளும் சாயம். விலை ஒரு டொலர். விளம்பரம் என்ன சொன்னது தெரியுமா? முத்தமிட்டாலும் அவனில் ஒட்டாதாம். அதுக்கு முதல் 1927இல் பரிசில் வந்த அழியாத லிப்ஸ்டிக்கின் பெயரே 'ரூஜ் பேஸே', அதிலயும் முத்தம்தான். உதட்டால உழைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்ல போல.

பிஷப்புக்கும் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பனி கைவிட்டுப் போய், 1954 இணக்கத்தீர்வோடு தன் சொந்தப் பெயரில் அழகுசாதனம் விற்கும் உரிமையையும் இழந்தார்.

ஸ்வீட்ஹார்ட்ஸ் வாசிக்கிற சில நிமிஷப் படங்கள், 1946இல எடுத்தது, யூடியூபில இருக்கு. டைனி டேவிஸ் ட்ரம்பெட்டோட முன்னுக்கு வருவா. கறுப்பு வெள்ளைப் படம், லிப்ஸ்டிக் என்ன நிறம் எண்டு தெரியாது.