ஏலத்தில் எண்கள் பேசுமா?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வருபவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, கலரையும் பார்டரையும் பார்த்து மயங்கி, அங்கேயே பணத்தை எண்ணி வைத்துவிடும். இரண்டாவது வகை, எடை எவ்வளவு, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, கோர்வை போட்டதா என்று கேட்டுக் கேட்டுத்தான் விலைக்கே வரும். கிரிக்கெட் வீரர்களை ஏலத்தில் எடுப்பவர்களும் இதே இரண்டு வகைதான்!

இரண்டாவது வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கிரிக்கெட் அல்ல, அமெரிக்காவின் பேஸ்பால். 2002-ல் ஓக்லண்ட் அணியின் சம்பளப் பட்டியல் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு அதைப்போல மூன்று மடங்கு. ஓக்லண்ட் ஜெனரல் மேனேஜர் பில்லி பீன், ஆளின் உடற்கட்டையும் ஓட்டத்தையும் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒருவர் எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறார் என்ற எண்ணைப் பார்த்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் டேவிட் ஜஸ்டிஸ் என்ற அவுட்ஃபீல்டர். வயது 36, காயங்கள் வேறு. ஆனால் பேஸுக்குப் போகும் விகிதம் மட்டும் குறையவில்லை. அந்த வருடம் ஓக்லண்ட் 103 ஆட்டங்களில் ஜெயித்தது. பிளேஆஃப் முதல் சுற்றிலேயே தோற்றும் போனது. அந்த வருடத்தோடு ஜஸ்டிஸும் ஓய்வு பெற்றார். 2003-ல் மைக்கேல் லூயிஸ் இதைப் 'மணிபால்' என்று புத்தகமாக எழுதினார்.

இந்தியாவில் இந்தக் கணக்கு தொடங்கியது 2008 பிப்ரவரி 20 அன்று, மும்பையில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில். அணிக்கு 50 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. சென்னை சூப்பர் கிங்ஸ் அதில் 15 லட்சம் டாலரைத் தோனி ஒருவருக்கே கொடுத்தது. ராஜஸ்தான் ராயல்ஸ் எட்டு அணிகளிலேயே குறைவாகச் செலவு செய்தது. ஷேன் வாட்சனை அது எடுத்த விலை வெறும் 1.25 லட்சம் டாலர். அவர் அந்தத் தொடரில் 472 ரன்னும் 17 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். இறுதிப் போட்டியில் சென்னையைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றதும் அதே ராஜஸ்தான்தான்.

பத்து வருடம் கழித்து அதே வாட்சனைச் சென்னை 4 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இப்போது அவருக்கும் வயது 36! கிழட்டுச் சிங்கங்கள் என்று கேலி செய்தவர்கள் நிறைய. 2018 மே 27 அன்று இறுதிப் போட்டியில் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்காத மனுஷன், 57 பந்தில் 117 அடித்து அவுட் ஆகாமல் நின்று கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

அப்படியென்றால் எண்களை மட்டும் நம்பினால் போதுமா? அங்கேதான் சிக்கல்.

அஜிங்கிய ரஹானே 2022-ல் கொல்கத்தாவுக்கு எடுத்தது 133 ரன். 100 பந்துக்கு 104 ரன் என்ற வேகம். டி20-யில் இந்த எண்ணைப் பார்த்தால் யாரும் கை தூக்கமாட்டார்கள். சென்னை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கே அவரை எடுத்தது. 2023-ல் அவர் 326 ரன் எடுத்தார், வேகம் 172. ஆள் அதே ஆள்தான். அணியும் அவரிடம் கேட்ட வேலையும்தான் மாறியிருந்தன. பழைய எண், பழைய வேலைக்கான எண் மட்டுமே.

அதே ஏலத்தில் சென்னை பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி கொடுத்தது. மொத்தக் கையிருப்பு 95 கோடியில் ஆறில் ஒரு பங்கு. காயத்தால் அவர் ஆடியது இரண்டே ஆட்டம், எடுத்தது 15 ரன். காமர்ஸ் கணக்குப்படி ரஹானேயின் ஒரு ரன் சுமார் 15 ஆயிரம் ரூபாய், ஸ்டோக்ஸின் ஒரு ரன் ஒரு கோடிக்கும் மேல்! ஸ்டோக்ஸின் பழைய சாதனைகள் பொய்யில்லை. ஆனால் எத்தனை ஆட்டம் ஆடுவார் என்பதும் விலையில் சேர வேண்டிய எண்தான்.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்கோர்கார்டில் கேட்ச் இருக்கும், ரன்-அவுட் இருக்கும். ஆனால் ஜடேஜா பாயிண்டில் நிற்கிறார் என்பதற்காகவே ஓடாமல் விடப்பட்ட ஒரு ரன் எந்தப் பத்தியிலும் ஏறாது. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் உச்சவரம்பான 20 லட்சம் டாலரில் வந்து முட்டி நிற்க, ரகசிய டை-பிரேக்கர் வைத்துத்தான் ஜடேஜா சென்னைக்குக் கிடைத்தார். அவ்வளவு விலையா என்று அன்று கேட்டவர்களுக்கு, 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் பதிலாக வந்தன. 2025 நவம்பரில் அவரையே ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை. அன்பு வேறு, கணக்கு வேறு.

ஆக, எண்ணைப் பார்க்காமல் வாங்குவது கலருக்கு மயங்குவது. எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது, புடவையை விரித்தே பார்க்காமல் தராசில் போட்டு வாங்குவது. அந்த எண் எந்த வேலைக்கு வந்தது, எதை எண்ணாமல் விட்டது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கை தூக்குபவரே நல்ல வியாபாரி.