கட்டும் காரும் மீட்கும் ஜீப்பும்

கையில் நான்கு லட்ச ரூபாய், வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வேலை நாள் போக மிஞ்சும் ஞாயிற்றுக்கிழமைகள். இவற்றை வைத்துக்கொண்டு, தானே பூட்டி முடுக்கிய ஒரு காரில் சங்குமுகம் கடற்கரைவரை போய்வர ஆசைப்படுகிறவர்கள் திருவனந்தபுரத்தில் உண்டு. அவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. சதுர இரும்புக் குழாயில் சேசிஸைத் தானே பற்றவைத்து, பழைய கார் ஒன்றின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் அதில் ஏற்றி, ‘கிட் கார்’ வகையில் ஒன்றைக் கட்டுவது முதல் வழி. ஆர்.சி. புத்தகம் சரியாக உள்ள பழைய மஹிந்திரா ஜீப்பை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுப்பது இரண்டாவது. சாலையில் ஓட்டத்தான் வண்டி என்றால் ஜீப்பை வாங்குங்கள் என்பது என் முடிவு. அதற்காக முதல் வழியை மட்டமாக நினைக்க என்னால் முடியாது. அதன் வரலாறு அப்படிப்பட்டது.

1957இல் இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற சின்னஞ்சிறு இரண்டு இருக்கைக் காரைக் கொண்டுவந்தது. கதவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, கூரை பெயருக்குத்தான். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. அந்தச் சலுகைதான் சம்பளக்கார இளைஞர்களின் கைக்கு ஸ்போர்ட்ஸ் காரை எட்டவைத்தது. 1973இல் அங்கே மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை போனது. செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்றும் அவர்கள்தான் செய்கிறார்கள். 1996இல் ரான் சாம்பியன் என்ற தொழிற்கல்வி ஆசிரியர், 250 பவுண்டில் அதே மாதிரியான காரை வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். ஓர் அங்குலச் சதுரக் குழாய், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில். கிட் வாங்கப் பணமில்லாதவன் கிட்டையே தான் செய்துகொள்ளலாம் என்று காட்டிய புத்தகம் அது. அதைப் படித்துப் பல நாடுகளில் கார் கட்டினார்கள். வெல்டிங் பழகிய எவரும் அந்த எளிமையில் மயங்கத்தான் செய்வார்கள்.

நம் நாட்டுக்கும் அந்த உருவம் வந்தது. மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே சின்காரா மோட்டார்ஸ் என்ற சிறு நிறுவனம், கான்டெஸா காரில் இருந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சினை வைத்து செவன் பாணியில் ஒரு ரோட்ஸ்டர் செய்தது. யோசித்துப் பார்த்தால் இந்தியக் கார்த் தொழிலே பாகங்களைப் பூட்டித்தான் பிறந்தது. 1940களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டியது மஹிந்திரா. சென்னை எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே ஆஸ்டின் ஏ40 கார்களை அதே முறையில் வெளியே அனுப்பியது.

திருவனந்தபுரத்துக்கு இதில் தனிப் பெருமை ஒன்று உண்டு. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். அதற்காக இங்கிலாந்திலிருந்து வந்தவை பேருந்துகள் அல்ல. பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 சேசிஸ்கள். லண்டனில் போக்குவரத்து வேலை பார்த்த ஈ. ஜி. சால்ட்டர் மேற்பார்வையிட, பாடி முழுவதையும் இங்கிருந்த தொழிலாளர்கள் கட்டினார்கள். அந்த ஊரில் இன்று ஒருவர் தன் கொட்டகையில் பாடி கட்டினால் ஏன் சாலைக்கு வர முடியாது? இரண்டு வழிகளும் பிரிகிற இடம் இந்தக் கேள்விதான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதிப்படி, எந்த மாடல் வாகனமும் முதலில் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையம் ஒன்றில் மாதிரியாகச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். பிரேக், புகை, விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சோதனை, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிற நிறுவனத்துக்கு அது ஒரு செலவினம். ஒரே ஒரு கார் கட்டுகிறவருக்கு அந்தக் கட்டணமே காரின் விலையை விழுங்கிவிடும். பிரிட்டனில் தனியொருவர் கட்டிய ஒற்றைக் காரைப் பரிசோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. இங்கே அப்படி ஒரு வாசல் திறக்கப்படவில்லை. நான்கு லட்ச ரூபாய்க்காரரின் கணக்கு உடைவது இதனால்தான். குழாயின் விலையாலோ எஞ்சினின் விலையாலோ அல்ல.

இதற்குக் குறுக்கு வழி சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு காரின் ஆர்.சி.யை வாங்கி, அதன் சேசிஸ் எண் பொறித்த துண்டை வெட்டிப் புதுக் குழாய்ச் சட்டத்தில் ஒட்டிவிடலாம் என்பார்கள். அது குற்றம். விபத்து நேர்ந்து, அடிபட்டவர் இழப்பீடு கேட்டு வரும்போது, இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். தன் கையால் கட்டிய காரைக் காதலிக்கிறவர் அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து அதை ஓட்டக் கூடாது.

ஜீப்பின் பக்கமும் சட்டம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தொடர்பாகக் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியின் கட்டமைப்பை உரிமையாளர் மாற்ற முடியாது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ என்று வைத்தது. கேரளத்தில் இது ஏட்டில் தூங்குகிற சட்டமல்ல; மோட்டார் வாகனத் துறையினர் சாலையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆகவே ஜீப்பில் வேறு கம்பெனியின் டீசல் எஞ்சினை ஏற்றுவது, சேசிஸை நீட்டுவது, வரம்பு மீறிய டயர் போடுவது எல்லாம் ஆசைப் பட்டியலிலிருந்து அடிபட வேண்டும். அதே வகை எஞ்சினை அனுமதி பெற்று மாற்றலாம். துருப்பிடித்த தரைத் தகட்டை அதே வடிவில் புதிதாக வைக்கலாம். பிரேக்கைப் பிரித்துச் சரிசெய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மீட்பு என்பதன் எல்லை இது, தன் கையால் வேலை செய்ய விரும்புகிறவருக்கு இந்த எல்லைக்குள்ளேயே வருடக்கணக்கில் வேலை இருக்கிறது.

பணம் எப்படி வெளியே போகிறது என்பதிலும் இரண்டும் வேறு வேறு. குழாய்க் காரைக் கட்டுகிறவர் முதல் மாதம் குழாய் வாங்குகிறார், பிறகு எஞ்சினுக்கு ஒரு மாருதி ஆம்னியோ கான்டெஸாவோ தேடுகிறார், சென்னை புதுப்பேட்டைவரை போய் ஹப், ஸ்டியரிங் ராக் என்று சேர்க்கிறார். செலவு சிறு சிறு தொகையாகப் போவதால் வலி தெரியாது. ஆனால் கடைசித் திருகு முடுக்கும்வரை அது கார் இல்லை. வழியில் மகளின் கல்லூரிக் கட்டணமோ வீட்டுக் கூரையோ குறுக்கிட்டால், பாதியில் நின்ற குழாய்ச் சட்டத்தை இரும்பு விலைக்குத்தான் கொடுக்க முடியும். ஜீப்பில் நேர்மாறு. முதல் நாளே பெரிய தொகை போய்விடும். ஆனால் அன்று மாலையே அது ஓடுகிற வண்டி, எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் விற்கக்கூடிய வண்டி. குறைந்த பணத்தில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

அதனால் வாங்கிய ஜீப்பை முழுதாகப் பிரித்துப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். கேபிளும் திருகும் பெயரில்லாத டப்பாக்களில் கிடக்க, பாடி ஒரு பக்கம் சேசிஸ் ஒரு பக்கம் என்று ஆன வண்டிகள் பெரும்பாலும் மீண்டும் சேர்வதில்லை. ஒரு முறைக்கு ஓர் உறுப்பு. பிரேக் முதலில்: வீல் சிலிண்டர், பைப், மாஸ்டர் சிலிண்டர். அடுத்து ஸ்டியரிங், கிங் பின். பிறகு ரேடியேட்டர், வயரிங். மஹிந்திராவின் எம்.எம்.540 போன்ற ஜீப்புகளின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. லேத் வேலை தெரிந்த எவரும் புஷ் கடைந்து கொடுப்பார். பெயின்ட் கடைசி. முதலில் பெயின்ட் அடித்து அழகு பார்த்தவர்கள், ஆறு மாதத்தில் அதையே சுரண்டி வெல்டிங் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரின் வானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரிலிருந்து துலாவர்ஷம் என்று வருடத்தில் இரண்டு மழைக்காலம். மேற்கே உப்புக் காற்று. மெல்லிய சதுரக் குழாய்க்குள் நீராவி புகுந்தால் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே தெரியாது. ஜீப்பின் சேசிஸ் தடித்த தகடு. துரு பிடித்தாலும் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். படுதா போட்டுக்கொண்டு மழையில் அலுவலகம்கூடப் போகலாம்.

தொடர் செலவில் மட்டும் ஜீப்புக்காரர் ஏமாந்துவிடக் கூடாது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். கேரள அரசின் சாலை வரியும் பசுமை வரியும் தனி. 50 வருடப் பழைய வண்டிக்கு 2021இல் வந்த ‘விஏ’ எண் வரிசை கவர்ச்சியாகத் தெரியலாம். அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பழங்கார் ஓட்டத்துக்கும்தான் எடுக்கலாம்.

அப்படியானால் குழாய்க் காருக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கிறது, பந்தயத் தடத்தில். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில் ஓட்டி வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போனார். இந்த நாட்டில் சிக்கனமாகக் கார் கட்டியவர்களில் கரிவரதனுக்கு இணையாக நான் யாரையும் சொல்லமாட்டேன். அவர் பெயரிலுள்ள செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகிறார்கள். அங்கே ஆர்.சி. கேட்கமாட்டார்கள்; பிரேக்கையும் சேசிஸின் உறுதியையும் நுணுகிப் பார்ப்பார்கள். ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பதிவில்லாத காரைத் தானே ஓட்டிப் போக முடியாது, பிக்கப்பில் ஏற்றித்தான் போக வேண்டும். ஹெல்மெட்டும் தீ தாங்கும் உடையும் வாங்க வேண்டும்; பிக்கப் வாடகையும் தட நுழைவுக் கட்டணமும் ஒவ்வொரு முறையும் சேரும். பத்தொன்பது வயதில் கல்லூரி அணியோடு சேர்ந்து கட்டுகிறவருக்கு இந்தச் செலவைப் பலர் பகிர்வார்கள். அவருக்கு நான் தயங்காமல் குழாய்க் காரைத்தான் சொல்வேன். நாற்பது வயதில் தனியாகக் கொட்டகையில் நிற்பவருக்குச் சொல்லமாட்டேன்.

அவர் ஜீப் பார்க்கப் போகும்போது மெக்கானிக்கோடு ஒரு துண்டு மணல்தாளையும் டார்ச்சையும் எடுத்துப் போகட்டும். சேசிஸ் எண்ணைத் துலக்கி, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். எஞ்சின் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். பத்து வருட டீசல் தடையால் டெல்லியிலிருந்து விலை மலிவாக வரும் வண்டி என்றால், தடையில்லாச் சான்றை வாங்கிய கையோடு கேரளத்தில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கொடுக்கட்டும். நான்கு லட்சத்தில் வண்டிக்கென்று இரண்டரைக்கு மேல் போகாமல், மீதியைப் பிரேக்குக்கும் டயருக்கும் வரிக்கும் எடுத்து வைக்கட்டும்.