மெடிக்கெயரும் துண்டு விழும் காசும்



“அரசாங்கம் தந்த மெடிக்கெயர் அட்டை இருக்கிறது. பிறகேன் இன்னொரு காப்புறுதி?” அமெரிக்காவில் வாழும் எங்கள் பெரியவர்கள் பலர் இப்படிக் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். கேள்வியில் நியாயம் உண்டு. ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் யாரும் பில் நீட்டுவதில்லை. அந்த நினைப்போடுதான் நாங்கள் இங்கு வந்தோம். ஆனால் மெடிக்கெயர் அப்படிப் பிறந்த திட்டம் அல்ல.

1965 ஜூலை 30ஆம் திகதி, மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் இந்தச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பக்கத்தில் இருந்தவர் 81 வயதான முன்னாள் ஜனாதிபதி ஹரி ட்ரூமன். நாடு முழுவதற்கும் மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்று 1945இல் கேட்டு, நிறைவேற்ற முடியாமல் போனவர் அவர். முதல் அட்டை அவருக்கே வழங்கப்பட்டது.

1966 ஜூலை 1இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே அதில் துண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் தங்கினால் முதல் 40 டொலர் நோயாளியின் பொறுப்பு. டொக்டர் செலவுக்கான பகுதி பிக்கு மாதம் 3 டொலர். ஆண்டின் முதல் 50 டொலர் செலவு தன் கையால். அதற்குப் பிறகு அங்கீகரித்த கட்டணத்தில் 20 வீதம். இந்தத் தொகைகள் பின்னர் பல மடங்கு ஏறிவிட்டன. 20 வீதம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கு உச்சவரம்பும் இல்லை. வெளிநோயாளராக எடுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 50,000 டொலர் அங்கீகரிக்கப்பட்டால், 10,000 டொலர் குடும்பத்தின் தலையில் விழும்.

இந்தத் துண்டை அடைக்கத் தனியார் கொம்பனிகள் விற்ற காப்புறுதிக்கே மெடிகப் என்று பெயர் வந்தது. 1970களில் ஒரே முதியவரிடம் ஒரே பயனுள்ள பல பத்திரங்களை விற்ற முகவர்கள் இருந்தார்கள். 1978இல் கிளோட் பெப்பர் தலைமையிலான காங்கிரஸ் குழு இதை விசாரித்தது. 1980இல் குறைந்தபட்சத் தரங்கள் வந்தன. ஆனால் அவை பெரும்பாலும் விரும்பினால் பின்பற்றும் விதிகளாகவே இருந்தன.

நோயாளியின் செலவுக்கு உச்சவரம்பு வைக்க 1988இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கான செலவை முதியோரிடமே கூடுதல் வரியாக அறவிட முயன்றதால் அவர்களே கொதித்தெழுந்தார்கள். 1989 ஓகஸ்டில் சிக்காகோவில், செல்வாக்கு மிக்க காங்கிரஸ் உறுப்பினர் டான் ரொஸ்டென்கோவ்ஸ்கியின் காரை முதியோர் மறித்தார்கள். அதே ஆண்டு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. உச்சவரம்பும் போயிற்று.

அடுத்து 1990இல் வந்த சட்டமே இன்றும் எங்களுக்குக் காவல். 1992 முதல் மெடிகப் பத்திரங்கள் எழுத்துகளால் பெயரிட்ட 10 வகைகளுக்குள் அடக்கப்பட்டன. பின்னர் சில எழுத்துகள் மாறினாலும் விதி ஒன்றுதான்: ‘ஜி’ திட்டத்தை எந்தக் கொம்பனியிடம் வாங்கினாலும் அடிப்படைப் பயன்கள் ஒன்றே, விலைதான் வேறு. மசசூசெற்ஸ், மினசோட்டா, விஸ்கொன்சின் மாநிலங்களுக்கு மட்டும் தனி முறை உண்டு.

அதே சட்டம் திறந்துவிட்ட இன்னொரு கதவும் இருக்கிறது. 65 வயது நிரம்பி, பகுதி பி தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதங்கள். அதற்குள் விண்ணப்பித்தால் சலரோகமோ இருதய நோயோ காட்டி மறுக்க முடியாது, விலையைக் கூட்டவும் முடியாது. பழைய நோய்க்குச் சில வேளைகளில் 6 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம், அவ்வளவுதான். பிந்தி வந்த பெற்றோர் 70 வயதில் பகுதி பி பெற்றாலும், அவர்களுக்கு அந்த 6 மாதம் அன்றுதான் தொடங்கும். கதவு மூடிய பிறகு, நியூ யோர்க், கனெக்ரிக்கட் போன்ற சில மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில், சில விசேட சந்தர்ப்பங்கள் நீங்கலாக, கொம்பனி மறுக்கலாம்.

முழு மெடிக்கெயிட் உதவி பெறுபவர்களுக்குப் பொதுவாக மெடிகப் தேவையில்லை. மெடிக்கெயர் அட்வான்டேஜ் எடுத்தவர்களுக்கு அது பயன்படாது.

1990ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஷிப் எனப்படும் இலவச ஆலோசனைச் சேவையும் வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது. அவர்கள் எந்தப் பத்திரத்தையும் விற்பதில்லை. அம்மா, அப்பாவின் பகுதி பி தொடங்கும் மாதத்தை இன்றே கலண்டரில் குறியுங்கள். முகவரிடம் கையொப்பமிடும் முன், ஆங்கிலம் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷிப்புடன் ஒருமுறை கதையுங்கள்.